கரிபால்டி கப்பல் ஏறாவிட்டால் இத்தாலி ஏது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரமும் கலையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

"இத்தாலி ஒரே நாடானதற்குப் பெரிதும் காரணம் கவூரின் ராஜதந்திரமா, கரிபால்டியின் வீரமா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்து பேசினார். கிரிமியப் போருக்குப் படை அனுப்பி, வட இத்தாலியில் பீட்மாண்ட் என்ற சின்ன ராஜ்ஜியத்துக்கு 1856 பாரிஸ் மாநாட்டில் இடம் வாங்கிக் கொடுத்தவர் அதன் பிரதமர் கவூர் என்றார். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைப் பேசிப் பேசியே வசப்படுத்தி, ஆஸ்திரியாவுக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையைக் களத்தில் இறக்கியவர் கவூர் என்றார். கடைசியில், "மாசினி இதயம், கவூர் மூளை, கரிபால்டி வாள், வாளை எப்போது உருவ வேண்டும், எப்போது உறையில் போட வேண்டும் என்று முடிவு செய்வது மூளைதானே" என்று கேட்டுவிட்டு, கைதட்டலோடு போய் உட்கார்ந்தார்.

அவர் சொன்ன தகவல்கள் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. கிரிமியா உண்மை, பாரிஸ் மாநாடு உண்மை, கவூர் அசாத்தியமான அறிவாளி என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கடைசி வரி இருக்கிறதே, மூளை சொன்னது, வாள் செய்தது என்ற அந்த வரி, அது பொய். 1860இல் மூளை சொன்னதை வாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று இத்தாலி என்று நாம் சொல்லும் நாடு இருந்திருக்காது. வடக்கே கொஞ்சம் பெருத்த ஒரு பீட்மாண்ட் இருந்திருக்கும், அவ்வளவுதான். இதை ஆதாரத்தோடு காட்டுவதற்காகத்தான் வந்து நிற்கிறேன்.

முதலில் கவூர் என்ன கேட்டார் என்று பார்ப்போம். 1858 ஜூலையில் பிளோம்பியே என்ற ஊரில் கவூரும் மூன்றாம் நெப்போலியனும் ரகசியமாகச் சந்தித்தார்கள். எதிரணி நண்பர் அந்தச் சந்திப்பைத் தன் அணியின் பெரிய சாதனையாகச் சொன்னார். சரி, அங்கே என்ன பேசி முடித்தார்கள்? வடக்கே பீட்மாண்டும், ஆஸ்திரியாவின் கையில் இருந்த லொம்பார்டியும் வெனீஷியாவும் சேர்ந்து ஒரு ராஜ்ஜியம். நடுவில் டஸ்கனியை வைத்து இன்னொரு ராஜ்ஜியம். ரோமும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் போப்பிடமே. தெற்கே நேபிள்ஸும் சிசிலியும் பூர்போன் வம்சத்து அரசரிடமே. இந்த நான்குக்கும் மேலே பெயருக்கு ஒரு கூட்டமைப்பு, அதற்குப் போப் தலைவர். கூலியாக சவாயும் நீஸும் பிரான்சுக்கு. நடுவர் அவர்களே, இதில் ஒன்றுபட்ட இத்தாலி எங்கே இருக்கிறது? நான்கு துண்டாக வரைந்த படம்தானே இது!

இதில் கவூரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அவருக்குத் தெரிந்த இத்தாலி வடக்குதான். நேபிள்ஸையோ பலெர்மோவையோ அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடப் போய்ப் பார்த்ததில்லை. முடிகிற காரியத்தை மட்டும் கணக்குப் போட்டுச் செய்கிறவர் அவர். ஆனால் அந்தக் கணக்குக்கும் என்ன ஆயிற்று? 1859இல் மஜெந்தாவிலும் சோல்ஃபெரீனோவிலும் லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் வந்து போரிட்டார்கள், வென்றார்கள். அப்புறம் ஜூலை மாதம் மூன்றாம் நெப்போலியன் கவூரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வில்லாஃபிராங்காவில் ஆஸ்திரியப் பேரரசரோடு சமாதானம் செய்துகொண்டு கிளம்பிவிட்டார். வெனீஷியா கிடைக்கவில்லை. கவூர் கோபத்தில் பதவியையே தூக்கி எறிந்தார். அவர் 1860 ஜனவரியில் திரும்பி வந்ததும், மார்ச்சில் டஸ்கனி, பார்மா, மொடேனா மக்கள் வாக்களித்துச் சேர்ந்ததும், அதற்கு விலையாக சவாயையும் நீஸையும் பிரான்சுக்கு எழுதிக் கொடுத்ததும் அதற்குப் பிறகு நடந்தவை. ராஜதந்திரத்தால் போகக்கூடிய தூரம் அந்த மார்ச் மாதத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் தெற்கே ஓர் அடி வைக்க வேண்டுமென்றால் பிரான்ஸ் கோபித்துக்கொள்ளும், ஆஸ்திரியா பாயும், போப்பைப் பின்பற்றும் நாடுகள் எல்லாம் கூச்சல் போடும். கவூரின் கையில் வேறு சீட்டு இல்லை.

அந்த நீஸ் எது தெரியுமா? கரிபால்டி பிறந்த ஊர். 1807 ஜூலை 4ஆம் தேதி அங்கேதான் பிறந்தார். அந்த ஊரின் பிரதிநிதியாக டூரின் நாடாளுமன்றத்தில் 1860 ஏப்ரல் 12ஆம் தேதி எழுந்து நின்று, எங்கள் ஊரை விற்காதீர்கள் என்று வாதாடினார். பலிக்கவில்லை. சொந்த ஊரைத் தன் அரசாங்கமே அந்நியனுக்குக் கொடுத்துவிட்டதைப் பார்த்த ஒரு மனிதன் என்ன செய்வான்? வெறுத்துப்போய் வீட்டுக்குப் போவான், அல்லது அந்த அரசாங்கத்துக்கு எதிராகவே கிளம்புவான். கரிபால்டி என்ன செய்தார்? ஒரு மாதம்கூட ஆகவில்லை, மே 5ஆம் தேதி இரவு ஜெனோவா பக்கத்தில் குவார்ட்டோ என்ற கடற்கரையிலிருந்து, "இத்தாலியும் விக்டர் இம்மானுவேலும்" என்ற முழக்கத்தோடு, தன் ஊரைக் கொடுத்த அதே அரசனின் பெயரால், அந்த அரசனுக்கு இன்னும் பாதி நாட்டைச் சேர்த்துக் கொடுப்பதற்காகக் கப்பல் ஏறினார்.

ஆயிரம் பேர் என்று வரலாறு சொல்கிறது, கணக்குப்படி 1,089 பேர். பியமோன்டே, லொம்பார்டோ என்று இரண்டு நீராவிக் கப்பல்கள். நல்ல துப்பாக்கிகள் மிலானில் இருந்தன, மக்கள் நன்கொடை கொடுத்து வாங்கி வைத்தவை; ஆனால் மிலான் ஆளுநர் டசேலியோ அவற்றை வெளியே விட மறுத்துவிட்டார். கடைசியில் கிடைத்தவை பழைய ரகத் துப்பாக்கிகள், பாதி துருப்பிடித்தவை. போதிய தோட்டாகூட இல்லை, போகிற வழியில் டலமோனேயில் நிறுத்திப் பேசி வாங்கிக்கொண்டுதான் போனார்கள். இந்த நேரத்தில் மூளை என்ன செய்தது? சார்டினியத் தீவின் துறைமுகம் எதிலாவது அந்தக் கப்பல்கள் ஒதுங்கினால் பிடித்துவிடும்படி கடற்படைத் தளபதி பெர்சானோவுக்குக் கவூரிடமிருந்து உத்தரவு போனது. நடுக்கடலில் தொடாதே என்றும் அதிலேயே இருந்தது, மறைக்கவில்லை. அதாவது தடுத்தாரா, விட்டாரா என்று இன்றுவரை அறிஞர்கள் சண்டை போடும்படி நடந்துகொண்டார். ஜெயித்தால் நம் ஆள், தோற்றால் யாரோ ஒரு கலகக்காரன். ஒரு பிரதமருக்கு அது புத்திசாலித்தனமாகவே இருக்கட்டும். ஆனால் அப்படிக் கரையில் நின்றவருக்கும், கடலில் இறங்கியவருக்கும் ஒரே பங்கு என்று சொல்ல முடியுமா?

அந்தக் கப்பல்களில் இருந்தவர்களைக் கொஞ்சம் பாருங்கள். வக்கீல்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள், கல்லூரி மாணவர்கள், கைத்தொழிலாளர்கள். பெரும்பாலோர் லொம்பார்டி, லிகூரியா, வெனீஷியா போன்ற வடக்குப் பகுதிக்காரர்கள். பெர்கமோ என்ற ஓர் ஊரிலிருந்து மட்டுமே ஏராளமான பேர் வந்திருந்தார்கள். சிசிலியை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை, அந்த ஊர்ப் பேச்சு அவர்களுக்குப் புரியாது. அப்படிப்பட்டவர்கள் தெற்குக் கோடியில் இருக்கும் ஒரு தீவின் விடுதலைக்காகச் சாகப் போனார்களே, அந்த ராத்திரியிலேயே இத்தாலி ஒன்றாகிவிட்டது என்று நான் சொல்வேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிலத்தைச் சேர்க்கலாம். பெர்கமோக்காரன் சிசிலிக்காரனுக்காக உயிரைக் கொடுக்கத் துணிவது எந்த ஒப்பந்தத்திலும் வராது.

இங்கே எதிரணி நண்பர் ஒன்று சொன்னார். "கரிபால்டிக்கு அதிர்ஷ்டம். அவர் இறங்கிய சிசிலித் துறைமுகமான மர்சாலாவில் இங்கிலாந்துக் கப்பல்கள் இரண்டு நின்றதால் பூர்போன் கடற்படை சுடத் தயங்கியது, பூர்போன் தளபதிகள் கிழவர்கள், கோழைகள், மக்கள் ஏற்கெனவே கலகத்தில் இருந்தார்கள், யார் போயிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்" என்றார்.

யார் போயிருந்தாலுமா? போனவர்கள் இருக்கிறார்களே! 1844இல் பண்டியேரா சகோதரர்கள் கலாப்ரியாவில் இறங்கினார்கள். மக்கள் எழவில்லை. பிடித்துக் கொசென்சாவில் சுட்டுக் கொன்றார்கள். 1857இல் கார்லோ பிசகானே, அவரும் படிப்பும் போர் அனுபவமும் உள்ளவர்தான், கப்பலைக் கைப்பற்றி, பொன்சா தீவின் சிறையைத் திறந்து, ஏறக்குறைய 300 பேரோடு சாப்ரியில் இறங்கினார். யாருக்காக இறங்கினாரோ அந்த விவசாயிகளே அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்து அரிவாளும் கோடரியுமாக வந்து வெட்டினார்கள். பிசகானே அங்கேயே செத்தார். அதே பூர்போன் அரசு, அதே தெற்கு, அதே மாதிரி ஒரு சின்னக் கூட்டம், இடையில் மூன்றே ஆண்டுகள். 1857இல் அரிவாளோடு வந்த விவசாயிகள் 1860இல் சிசிலியில் வேட்டைத் துப்பாக்கியோடு வந்து கரிபால்டியின் பக்கத்தில் நின்றார்கள். என்ன மாறியது? வந்த ஆள் மாறினார். அந்தப் பெயர் மாறியது.

அந்தப் பெயருக்கு அந்தச் சக்தி ஒரே நாளில் வந்துவிடவில்லை. குடியரசுப் புரட்சிக்காரரான மாசினியின் இயக்கத்தில் சேர்ந்து, 1834 எழுச்சியில் தோற்று, பீட்மாண்ட் நீதிமன்றம் மரண தண்டனை விதித்து, தென் அமெரிக்காவுக்குத் தப்பி ஓடிப்போனவர். அங்கே பிரேசிலின் தெற்கிலும் உருகுவேயிலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சண்டை போட்டுக் கற்றார்; மொன்டெவிடியோவில் இத்தாலியப் படைப்பிரிவு ஒன்றை உருவாக்கினார், அந்தச் சிவப்புச் சட்டை அங்கேதான் பிறந்தது. 1848இல் தாய்நாட்டில் புரட்சி என்று தெரிந்ததும், தனக்குத் தண்டனை விதித்த அதே ராஜ்ஜியத்துக்குத் திரும்பிவந்து, என் வாளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்றார். 1849இல், ரோமில் அப்போது அமைந்திருந்த ரோமானியக் குடியரசைக் காக்கப் போனார். ஏப்ரல் 30ஆம் தேதி, ஊதினோ என்ற தளபதியின் பிரெஞ்சுப் படையை ரோமின் மதில் ஓரத்தில் அடித்து விரட்டினார். இத்தாலியர்களுக்குச் சண்டை போடத் தெரியாது என்று ஏளனம் செய்துகொண்டிருந்த ஐரோப்பா அன்றைக்கு வாயை மூடியது. பிறகு ரோம் விழுந்தது. சரணடைய மறுத்துவிட்டு வெளியேறும்போது தன் வீரர்களிடம் அவர் சொன்னது என்ன? சம்பளம் இல்லை, தங்க இடம் இல்லை, உணவு இல்லை. பசி, தாகம், ஓயாத நடை, போர், சாவு, இவைதான் என்னால் தர முடிந்தவை, நாட்டை நேசிக்கிறவன் என்னோடு வா என்றார். அதைக் கேட்டும் ஆயிரக்கணக்கில் பின்னால் நடந்தார்கள். பிரெஞ்சு, ஆஸ்திரிய, ஸ்பானிய, நேபிள்ஸ் படைகள் நான்கும் துரத்துகின்றன. கர்ப்பிணியான மனைவி அனீத்தா, உடல்நலம் கெட்டும் அவரை விட்டுப் பிரிய மறுத்தவர், ஆகஸ்ட் 4ஆம் தேதி ரவென்னா பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் இறந்துபோனார். முறையாக அடக்கம் செய்யக்கூட அவகாசம் இல்லை. உடலை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தது.

இது எல்லாமே இத்தாலியின் ஊர் ஊராகப் பரவியிருந்தது. அச்சடித்த படமாக, பாட்டாக, வாய்ச்சொல்லாக. அந்தக் காலத்து இத்தாலியில் நான்கில் மூன்று பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்று நாம் இத்தாலியன் என்று சொல்லும் மொழியைப் பேசியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தாண்டமாட்டார்கள் என்பதுதான் மொழியறிஞர்கள் போட்ட கணக்கு. அந்த மக்களிடம் கவூரின் நாடாளுமன்ற உரை போய்ச் சேருமா? மாசினியின் கட்டுரை போய்ச் சேருமா? ஒரு நாட்டை அவர்கள் எப்படி நம்புவார்கள்? ஒரு முகத்தைப் பார்த்துத்தான் நம்ப முடியும். அந்த முகம் கரிபால்டியினுடையது. எதிரணி நண்பர்கள் இதை உணர்ச்சிப் பேச்சு என்று தள்ளிவிடக்கூடும், ஆனால் நாடு என்பது எல்லைக் கோடு மட்டும் என்றால் ஆஸ்திரியாவும்கூட இத்தாலியை ஒன்றாக்கியிருக்க முடியுமே!

அப்புறம், வீரம்தான் இருந்தது, மூளை இல்லை என்று சொன்னார்களே, அதற்குப் பலெர்மோ போதும். மே 11 மர்சாலாவில் இறக்கம். மே 15 கலதஃபீமியில், தன்னைவிட அதிக ஆளும் நல்ல ஆயுதமும் வைத்துக்கொண்டு குன்றின் மேல் நின்ற படையை, படிப்படியாக வெட்டிய அந்தச் சரிவில் துப்பாக்கி முனைக் கத்தியோடு ஏறி விரட்டினார். சரி, அது வீரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது சிசிலியின் தலைநகர் பலெர்மோ. உள்ளே ஏறக்குறைய 20,000 பூர்போன் வீரர்கள். நேராகப் போய் மோதினால் நசுங்கிவிடுவார்கள். என்ன செய்தார்? பீரங்கிகளையும் வண்டிகளையும் கொர்லியோனே பாதையில் பின்வாங்குவது போல அனுப்பிவைத்தார். பூர்போன் படையின் நல்ல பிரிவு, தோற்று ஓடுகிறான் என்று நினைத்து அதைத் துரத்திக்கொண்டு போய்விட்டது. கரிபால்டி மலைக்குள் புகுந்து சுற்றி வந்து மே 27 விடியலில் மறுபக்க வாசல் வழியாக நகருக்குள் நுழைந்தார். மக்கள் தெருத் தெருவாகத் தடுப்பு எழுப்பினார்கள். கோட்டையிலிருந்தும் கப்பல்களிலிருந்தும் குண்டு பொழிந்தது. மூன்று நாளில் தளபதி லான்சா போர் நிறுத்தம் கேட்டார், அதுவும் கரிபால்டியிடம் தோட்டா ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்த நேரத்தில். அந்தப் பேச்சுவார்த்தையில் முகத்தில் ஒரு கலக்கம் காட்டாமல் உட்கார்ந்து, அவர்களை ஊரை விட்டே வெளியேற வைத்தார். ராஜதந்திரம் என்றால் அது மாநாட்டு மண்டபத்தில் மட்டும்தான் நடக்குமா என்ன?

ஜூலையில் மிலாட்சோவை வென்றார். ஆகஸ்டில் மெசினா நீரிணையைக் கடந்தார். கலாப்ரியாவில் பூர்போன் படைகள் மொத்தமாகவே கலைந்தன. இந்த இடைவெளியில் கவூர் என்ன முயன்றார் என்பதை எதிரணி சொல்லாமல் விட்டுவிட்டது. கரிபால்டி நேபிள்ஸ் போய்ச் சேருவதற்கு முன்னால் அங்கே தன் ஆட்களை வைத்து ஒரு எழுச்சியைக் கிளப்பி, ஊரைத் தன் கையில் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். பணமும் போனது, ஆட்களும் போனார்கள், ஒன்றும் கிளம்பவில்லை. மக்கள் காத்துக்கொண்டிருந்தது வேறு ஒருவருக்காக. செப்டம்பர் 6ஆம் தேதி அரசர் இரண்டாம் பிரான்சிஸ் நேபிள்ஸை விட்டு கயேட்டாவுக்குப் போனார். மறுநாள், தன் படை இன்னும் பின்னால் எங்கோ வந்துகொண்டிருக்க, சில தோழர்களோடு ரயில் ஏறி கரிபால்டி நேபிள்ஸில் இறங்கினார். கோட்டைகளில் பூர்போன் வீரர்கள் துப்பாக்கியோடுதான் இருந்தார்கள். திறந்த வண்டியில் அவர்கள் கண் முன்னாலேயே போனார். ஒருவரும் சுடவில்லை. தெரு முழுக்க மக்கள். அக்டோபர் முதல் நாள் வொல்டூர்னோ ஆற்றங்கரையில் பூர்போன் படை திரண்டு வந்து தாக்கியபோது, தன்னைவிடப் பெரிய அந்தப் படையைப் பரந்த முனையில் தடுத்து நிறுத்தித் திருப்பி அனுப்பினார். தோற்ற கோழைகளோடுதான் மோதினார் என்று சொல்கிறவர்கள் வொல்டூர்னோவைப் படித்துவிட்டு வரட்டும்.

நேபிள்ஸும் சிசிலியும் சேர்ந்த இரண்டு சிசிலி ராஜ்ஜியத்தில் ஏறக்குறைய 90 லட்சம் மக்கள். 1861இல் பிறந்த இத்தாலியின் மொத்த மக்கள் ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம். ஐந்தில் இரண்டு பங்கு! அந்த இரண்டு பங்கும் பிளோம்பியே கணக்கில் இல்லாதவை.

எதிரணித் தலைவர் பேசும்போது, "கவூர் பீட்மாண்ட் படையை அனுப்பி கஸ்டெல்ஃபிடார்தோவில் போப்பின் படையை வென்று, மார்க்கேயையும் உம்ப்ரியாவையும் பிடித்தாரே, வடக்கும் தெற்கும் தொட்டுக்கொண்டதே அதனால்தானே" என்றார். அருமையான காய் நகர்த்தல்தான். ஆனால் 1860 செப்டம்பரில் அந்தப் படை ஏன் கிளம்பியது? கரிபால்டி ரோம் வரை வந்துவிடுவார், அவரைத் தடுக்க நாங்கள் போக வேண்டும் என்று பிரான்சிடம் சொல்லித்தானே கவூர் அனுமதி வாங்கினார்? கரிபால்டி என்ற பெயர் இல்லாமல் மூன்றாம் நெப்போலியன் அதற்குத் தலையாட்டியிருப்பாரா? கவூரின் மிகச் சிறந்த அந்த நகர்த்தலுக்கும் பலகையைப் போட்டுக் கொடுத்தவர் கரிபால்டிதான்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் இடத்துக்கு வருகிறேன். 1860 அக்டோபரில் கரிபால்டி பாதி இத்தாலியின் அதிபதி. பின்னால் வெற்றி பெற்ற படை இருக்கிறது, மக்கள் அவரைத் தெய்வமாகக் கொண்டாடுகிறார்கள். மனதளவில் அவர் குடியரசுவாதி. மாசினி நேபிள்ஸுக்கே வந்துவிட்டார், இன்னொரு குடியரசுவாதி கத்தானேயோவும் வந்துவிட்டார், உடனே அரசனிடம் கொடுத்துவிடாதே என்று சொல்ல. வேறு யாராக இருந்தாலும் தெற்கில் தனக்கென்று ஓர் ஆட்சியை நிறுவியிருப்பார்கள், இத்தாலி இரண்டாக உடைந்து உள்நாட்டுப் போர் மூண்டிருக்கும். அவர் வாக்கெடுப்பு நடத்தினார், அக்டோபர் 21. ஐந்து நாள் கழித்து டியானோ அருகே சாலையில் விக்டர் இம்மானுவேலைச் சந்தித்து, இத்தாலியின் அரசர் என்று வாழ்த்தி, எல்லாவற்றையும் கொடுத்தார். தனக்கு மரண தண்டனை விதித்த ராஜ்ஜியத்தின் அரசருடைய மகனிடம்! அவர் கேட்டது என்ன? தன் வீரர்களுக்கு அவர்கள் பதவியை உறுதி செய்யுங்கள், ஓர் ஆண்டு மட்டும் தெற்கை நான் நிர்வகிக்கிறேன். இரண்டும் மறுக்கப்பட்டன. அணிவகுத்துக் காத்திருந்த அவர் படையைப் பார்வையிட அரசர் வரவும் இல்லை. பட்டம் தருகிறோம், கோட்டை தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டு, நவம்பர் 9ஆம் தேதி விதை தானியமும் கொஞ்சம் உணவுப் பொருளும் எடுத்துக்கொண்டு கப்ரேரா தீவில் இருந்த தன் வீட்டுக்குக் கப்பல் ஏறினார். வென்றதைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். எனக்கு வருத்தமாக இருந்தது. வைத்துக்கொள்ளாததால்தான் நாடு ஒன்றாயிற்று.

குறைகளும் இருக்கின்றன, அவற்றை எதிரணி கேட்டது, நான் பதில் சொல்லாமல் போகமாட்டேன். சிசிலியில் போரிட வருகிறவர்களுக்குப் பொது நிலத்தில் பங்கு என்று 1860 ஜூனில் ஆணை போட்டார்கள். அது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. பிரொன்டே என்ற ஊரில் நிலம் கேட்டு எழுந்த ஏழைகள் கொலைவெறியில் இறங்கியபோது, கரிபால்டியின் தளபதி பிக்சியோ போய் அவசர விசாரணை நடத்தி ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். அந்த ஐந்து பேரின் ரத்தத்துக்கு நியாயம் சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் தெற்கு அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பட்ட துன்பம், அந்தக் கொடிய ராணுவ நடவடிக்கைகள், பீட்மாண்டின் சட்டத்தையும் வரியையும் அப்படியே கொண்டுபோய்த் தெற்கின் தலையில் கட்டியது, இவற்றையும் கரிபால்டி கணக்கில் எழுதுவது நியாயமா? ஓர் ஆண்டு எனக்குக் கொடுங்கள் என்று கேட்டவரைத் திருப்பி அனுப்பியவர்கள் யார்? 1861 ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்கு வந்து, தன் தெற்குப் படையை நடத்திய விதத்துக்காகக் கவூரின் முகத்துக்கு நேராகவே கொதித்தாரே, அந்தக் கோபம் யாருக்காக?

அரசாங்கத்துக்கு அடங்காதவர் என்ற குற்றச்சாட்டும் வந்தது. 1862இல் ரோமை நோக்கிக் கிளம்பியது உண்மை. அஸ்ப்ரொமோன்டே மலையில் இத்தாலியப் படையே அவரைச் சுட்டது, காலில் குண்டு பாய்ந்தது. தன் ஆட்களிடம் அவர் சொன்னது, நம் சகோதரர்களைத் திருப்பிச் சுடாதீர்கள் என்பது. நான்கு ஆண்டு கழித்து அதே அரசு கூப்பிட்டது, போனார். 1866இல் ஆஸ்திரியாவோடு நடந்த போரில் இத்தாலியின் தரைப்படை குஸ்டோசாவில் தோற்றது, கடற்படை லிஸ்ஸாவில் தோற்றது, அதற்குத் தளபதி அந்தப் பழைய பெர்சானோதான். வென்றுகொண்டிருந்தவர் ஒருவர்தான், ஜூலை 21 பெட்செக்காவில், அதுவும் காயத்தோடு வண்டியில் உட்கார்ந்தபடி. இன்னும் கொஞ்சம் போனால் ட்ரென்டோ நகரம் கைக்கு வரும் என்ற நிலையில், நில், திரும்பு என்று தந்தி வந்தது. அவர் அனுப்பிய பதில் ஒரே சொல்: "கீழ்ப்படிகிறேன்." அடங்காதவரா இவர்? 1870 செப்டம்பர் 20ஆம் தேதி ரோம் இத்தாலியோடு சேர்ந்தபோது, அதற்காக இரண்டுமுறை படை திரட்டி அடிபட்டவருக்கு அந்த ஊர்வலத்தில் இடம் இல்லை. அதற்காக அவர் நாட்டின் மேல் பகை பாராட்டவும் இல்லை.

நடுவர் அவர்களே, நேரம் முடியப்போகிறது என்று மணி பக்கம் உங்கள் கை போவதைப் பார்க்கிறேன். ஒரே ஒரு சாட்சியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். சாட்சி எங்கள் ஆள் இல்லை. எதிரணியின் ஆள், கவூரேதான்.

1860 ஆகஸ்ட் 9ஆம் தேதி, கரிபால்டி இன்னும் மெசினா நீரிணையைத் தாண்டவில்லை, கவூருக்கும் அவருக்கும் உறவு மிகவும் கசந்திருந்த நேரம், தனக்கு நெருக்கமான நீக்ராவுக்குக் கவூர் ஒரு கடிதம் எழுதினார். நாளைக்கே நான் கரிபால்டியோடு மோதினால் பழைய ராஜதந்திரிகளில் பெரும்பாலோர் என் பக்கம் நிற்கக்கூடும், ஆனால் ஐரோப்பாவின் பொதுமக்கள் கருத்து எனக்கு எதிராக இருக்கும், அது நியாயமாகவும் இருக்கும், ஏனென்றால் ஒரு மனிதன் இத்தாலிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய சேவையைக் கரிபால்டி செய்திருக்கிறார், இத்தாலியர்களுக்குத் தங்கள் மேலேயே நம்பிக்கையைக் கொடுத்திருக்கிறார், தாய்நாட்டை மீட்பதற்காகப் போர்க்களத்தில் போரிடவும் சாகவும் இத்தாலியர்களுக்குத் தெரியும் என்று ஐரோப்பாவுக்கு நிரூபித்திருக்கிறார் என்று அதில் எழுதினார்.

மிகப் பெரிய சேவை என்று கவூரே எழுதிவிட்டார். அதற்கு மேல் கவூரின் பெயரால் எதிரணி நண்பர்கள் என்ன கேட்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பு உங்கள் கையில், ஐயா. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.